பூனைப் பெட்டி என்று வைத பொட்டல்

எல்டன் ஸ்வோபோடாவைப் பிடிக்காதவர்கள் எங்கள் பக்கத்தில் யாருமில்லை. ஆனால் அவரோடு கோல்ஃப் ஆட ஆசைப்பட்டவர்களும் யாருமில்லை. பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டால், "போதும், எடுத்துக்கோ, விழுந்த மாதிரிதான்" என்று எதிராளி விட்டுக்கொடுப்பது நெப்ராஸ்கா முழுக்க உள்ள வழக்கம். எல்டனிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தனக்கும் விட்டுக்கொள்ள மாட்டார், அடுத்தவருக்கும் விட மாட்டார். விழுந்தால்தான் விழுந்தது. கூட்டுறவுத் தானியக் கிடங்கில் எடைமேடையைப் பார்த்துக்கொண்டே தலை நரைத்த மனிதர். "கிட்டத்தட்ட ஒரு டன் வரும்" என்று எந்தக் குடியானவனாவது வாய்விட்டால், "கிட்டத்தட்டன்னா இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டு அவன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வேலையில் அவருக்குக் கோடைகாலம் என்று ஒன்று வாய்த்ததே இல்லை. ஜூலையில் கோதுமை லாரிகள் வரிசை கட்டும், அது முடிந்து மூச்சு விடுவதற்குள் சோளம் வந்துவிடும். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் எல்லாம் வெயில் காய அரிசோனாவுக்குப் போனார்கள். எல்டன் ஒரு காரியத்தைத் தலையில் போட்டுக்கொண்டார். மாநிலத்தில் எத்தனை சின்ன ஊர் இருக்கிறதோ, அத்தனை ஊரின் ஒன்பது குழி மைதானத்திலும் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும். ஒமாஹா நகரத்துப் பக்கம் இருக்கிற, காலர் வைத்த சட்டை போட்டால்தான் உள்ளே விடுகிற மைதானங்கள் கணக்கில் வராது. ஊர்க்காரர்களே முறை போட்டுப் புல் வெட்டுகிற மைதானங்கள்தான். ஒரு தகரக் கொட்டகை இருக்கும். அதில் ஹாம்பர்கர் சுடுகிற அம்மாவே மீன்பிடிக்கப் புழுவும் விற்பார். ஆளே இல்லையென்றால் கம்பத்தில் ஒரு இரும்புப் பெட்டி, கட்டணத்தை அதில் போட்டுவிட்டு ஆடலாம். யாரும் பார்ப்பதில்லை, யாரும் ஏமாற்றுவதும் இல்லை.

கூடவே மனைவி லவோனும் போனார். அந்தம்மா மட்டையைத் தொட்டதே கிடையாது. குழிக்குள் பந்து போடத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம் என்றால் தோட்டத்தில் நானே ஒன்பது குழி தோண்டித் தந்திருப்பேனே என்று ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தடவை சொல்வார். சொல்லிவிட்டு வண்டியில் உட்கார்ந்து நூலும் ஊசியுமாக இருப்பார். அவருக்கு ஊர்களைத் தரம் பிரிக்க வேறு அளவுகோல் உண்டு. எந்த ஊர் உணவகத்தில் பை என்கிற பலகாரம், அதிலும் புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட ருபார்ப் பை, நன்றாக இருந்தது, எந்த ஊரில் செர்ரி பை என்று டப்பாச் சரக்கைத் திறந்து கொட்டினார்கள் என்பது அவருக்கு இன்றைக்கும் அத்துப்படி.

எல்டன் ஒரே ஒரு வகை மைதானத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. மேற்கே, தண்ணீர் அருமையான ஊர்களில், குழியைச் சுற்றி மெத்தென்று புல் வளர்க்க வழி கிடையாது. அங்கே குழியைச் சுற்றி வட்டமாக மணலைக் கொட்டி, காற்றில் பறக்காமல் இருக்க எண்ணெய் தெளித்து வைத்திருப்பார்கள். எல்டனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "பூனை ஒண்ணுக்குப் போற பெட்டி" என்பார். அந்த ஊர்கள் வரும்போது வண்டியை இன்னும் கொஞ்சம் விரட்டுவார். லவோன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார். அந்த ஊர்களிலும் பை சுடுகிறவர்கள் இருப்பார்கள் அல்லவா?

போன வசந்தத்தில் ஒருநாள், ஊரின் பெயரை ஆளுயரத்துக்கு எழுதிவைத்திருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, "இது என்ன ஊர்?" என்று கேட்டார் எல்டன். லவோன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

லிங்கன் நகரத்தில் கண் டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். பார்வையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது. ஊசி போட்டுக்கொண்டால் மெதுவாகத் தேயும், போனது திரும்பாது. ஓரப்பார்வை மிஞ்சும். ஆளை நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை மூட்டம். தோளும் காதும் மட்டும் தெரியும். எல்டன் வீட்டுக்கு வந்ததும் வண்டிச் சாவியை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். 

ஆட்டத்தை மட்டும் விடவில்லை. நீள அடி அடிப்பதற்குக் கண் அவ்வளவு வேண்டாம், உடம்புக்கே பழக்கம். பந்து எங்கே விழுந்தது என்று லவோன் பார்த்துச் சொல்வார். குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் வினை. புல்வட்டத்தில் கோடும் கிடையாது, அடையாளமும் கிடையாது. எல்லாம் ஒரே பச்சை. குழி எந்தப் பக்கம் என்று லவோன் குழியில் நட்டிருக்கும் கொடிக்கம்பை ஆட்டிக் காட்டினாலும், பந்து அதைத் தாண்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடும். ஒரு ஊரில் இப்படியே எட்டு ஒன்பது அடி ஆகிவிட்டது. பின்னால் வந்த இளவட்டங்கள் அவசரப்படுத்தவே இல்லை. தொலையாத பந்தைச் சோளக்கொல்லைக்குள் மும்முரமாகத் தேடுவதுபோல் நடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஆட்களின் மரியாதை அப்படி, வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். எல்டன் குனிந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, விழாத பந்தைக் கையால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு வண்டியில் ஏறியதும், இன்னும் ஒரே ஒரு ஊரில் பார்க்கப் போவதாகச் சொன்னார். அங்கேயும் ஒன்பது குழியிலும் தன் கையால் பந்தைப் போட முடியவில்லையென்றால் மட்டைகளை விற்றுவிடுவார், ஊர் சுற்றுவதும் அதோடு சரி.  பக்கத்து வீட்டுக்காரருக்குக் கண் போனபோது என்ன நடந்தது என்பது லவோனுக்குத் தெரியும். நிலவறையில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு தொலைக்காட்சி, அவ்வளவுதான். மனிதர் மாடிக்குச் சாப்பிட வருவதையும் நிறுத்திவிட்டார்.

அந்த இன்னொரு ஊருக்கு ஆகஸ்டில் போனார்கள். மூன்றாவது குழியைத் தாண்டவில்லை. எல்டன் கையுறையைக் கழற்றி அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். "வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

லவோன் வண்டியை எடுத்தார். நெடுஞ்சாலை வந்ததும் கிழக்கே திரும்ப வேண்டும். கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு எல்டன் தொப்பியை நெற்றிக்கு இறக்கிக்கொண்டார்.

"லவோன், வெயில் மூஞ்சில அடிக்குது."

"ஆமா."

"சாயங்காலம் வீட்டுக்குப் போனா முதுகுலதானே அடிக்கணும்?"

"பை சாப்பிடப் போறோம். வாயை மூடிட்டு வா."

மணற்குன்றுகள் தொடங்கிவிட்டன. வேலியும் காற்றாலையும் கறுப்பு மாடுகளும் தவிர வேறெதுவும் இல்லாத பூமி. வில்லோ ஃபோர்க் என்கிற ஊரின் எல்லையில், தகரக் கொட்டகைக்கு முன்னால் லவோன் வண்டியை நிறுத்தினார். உள்ளே ட்வைலா ஹாகன் என்கிற பண்ணைக்காரம்மா இருந்தார். காலில் சாணி ஒட்டிய பூட்ஸ், தலையில் விதைக் கம்பெனித் தொப்பி. அந்த வாரம் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் முறை அவருடையது. மேசைமேல் ருபார்ப் பை இருந்தது. லவோன் கேட்காமலே ட்வைலா ஒரு பெரிய துண்டை வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தார். எல்டனுக்கு எண்ணெய் வாடை அடித்ததுமே எங்கே வந்திருக்கிறோம் என்பது புரிந்துவிட்டது. வாசலிலேயே நின்றார்.

"ஆடலையா நீங்க?" என்று கேட்டார் ட்வைலா.

"நான் மணல்ல ஆடறதில்ல."

"ஏன், கால்ல ஒட்டுமா?"

லவோன் வாய் நிறையப் பையோடு போட்டுக் கொடுத்தார். "பூனைப் பெட்டின்னு சொல்லுவார்."

எல்டனுக்குக் காது சிவந்துவிட்டது. ட்வைலா கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்ப் பூனைகள் ரொம்பச் சுத்தம், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு, எழுந்து எல்டனுடைய மட்டைப் பையைத் தானே வண்டியிலிருந்து இறக்கினார். அதற்குமேல் மறுத்தால் மரியாதை இல்லை. எல்டன் போனார்.

முதல் குழிக்கு மூன்றாவது அடியிலேயே பந்து மணல்வட்டத்தில் வந்து விழுந்துவிட்டது. எல்டன் புல்லில் நடக்கிற பழக்கத்தில் நேரே மணலுக்குள் நடந்துபோய், மட்டையை எடுத்து, பந்தை உருட்டினார். அது அவருடைய கால்தடத்திலேயே விழுந்து துள்ளி எங்கேயோ போயிற்று.

"எங்க மாடுகூட இதுக்குள்ள இப்படி நடக்காது" என்றார் ட்வைலா. "முதல்ல இழுக்கணும் ஐயா. இழுக்காம யாராவது உருட்டுவாங்களா?"

வட்டத்தின் ஓரத்தில் நீளக் கைப்பிடி வைத்த ஒரு கனத்த இரும்புக் குழாய் கிடந்தது, இழுவை என்பார்கள். அதைக் குழியில் வைத்து, பந்து கிடக்கும் இடம்வரை பின்னாலேயே இழுத்துக்கொண்டு வர வேண்டும். குழாய் போன தடத்தில் மணல் படிந்து வழவழப்பாகிவிடும். அந்தத் தடத்தில்தான் பந்தை உருட்ட வேண்டும். அந்த ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த வழக்கம். ட்வைலா விளக்கிக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கன்று கம்பியில் மாட்டிக்கொண்டு கத்தியது. இழுவையை லவோன் கையில் திணித்துவிட்டு, இழுக்கும்போது நடுவில் மட்டும் நிறுத்தாதீர்கள், குறுக்கே கோடு விழுந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே அவர் ஓடிவிட்டார்.

இத்தனை வருஷம் வண்டியில் உட்கார்ந்திருந்த லவோன் முதல்முறையாக ஆட்டத்துக்குள் காலெடுத்து வைத்தார். குழியில் தொடங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, பந்துவரை இழுத்தார்.

எல்டன் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். அசையாமல் நின்றார். எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன மணலில், அவர் காலடியிலிருந்து ஒரு பாதை போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மெல்லிய வரப்பு. நடுவில் சாயங்கால வெயில் பட்டுப் பளபளப்பு. வயல்களுக்கு நடுவே போகும் எங்கள் மண்சாலை போலவே இருந்தது. குழி தெரியவில்லை. பாதை தெரிந்தது.

"இது எங்க போகுது?" என்று கேட்டார். 

"குழிக்குத்தான். வேற எங்க போகும்?"

எல்டன் உருட்டினார். பந்து போகும் சத்தம் மணலில் சரசரவென்று கேட்டது, பிறகு குழிக்குள் இருந்த தகரக் குவளையில் டக் என்று விழுந்தது. அவர் மட்டையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. அந்த டக் சத்தத்தை இனிமேல் கேட்கப் போவதில்லை என்றுதான் அன்று மதியம் முடிவு செய்திருந்தார். இந்தப் பொட்டலைத்தான், இந்தப் பொட்டலைப் பாடுபட்டு வைத்திருக்கிற இந்த மனிதர்களைத்தான், இவ்வளவு நாளும் கேலி பேசிவிட்டு வண்டியை விரட்டிக்கொண்டு போனோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாக நன்றியாகவும் இருந்தது.

அதை அவர் வாய்விட்டுச் சொன்னபோது லவோன், "நீ வெட்கப்பட்டு என்ன, எத்தனை ஊர்ப் பை போச்சு எனக்கு" என்றார்.

எல்லாக் குழியும் முதல் குழி போல அமைந்துவிடவில்லை. ஆறாவது குழியில் லவோன் கை வலித்து இழுவையோடு நடுவில் நின்றுவிட்டார். பந்து அந்தக் கோட்டில் தட்டித் தட்டி நாலு முறை விலகியது. போதும், எடுத்துக்கோ என்று கெஞ்சிப் பார்த்தார். எல்டன் கேட்கவில்லை. மறுபடி இழுக்கச் சொன்னார், மறுபடி உருட்டினார், விழுந்த பிறகுதான் நகர்ந்தார். ஏழாவதில் ஒரே உருட்டு. எட்டாவதில் இரண்டு. ஒன்பதாவதில் பந்து விழுந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ட்வைலா தன் பிக்கப் வண்டியின் ஹாரனை இரண்டு தடவை அடித்தார். அந்தப் பக்கத்தில் அதுதான் கைதட்டல்.

ஆடி முடித்தவர்கள், பின்னால் வருகிறவர்களுக்காக இழுவையைக் குழியிலிருந்து வட்டம் வட்டமாக வெளியே இழுத்து, கால்தடமெல்லாம் அழித்துவிட்டுப் போக வேண்டும். லவோன் அதற்காகக் குனிந்தபோது எல்டன் கையை நீட்டி இழுவையை வாங்கிக்கொண்டார். தன் மட்டையை மனைவியிடம் கொடுத்தார். பந்தை வட்டத்தின் ஓரத்தில் போடச் சொன்னார். காலால் தடவிக் குழியைக் கண்டுபிடித்தார். அங்கே இழுவையை வைத்து, மனைவியின் குரல் வந்த பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தார்.

லவோன் அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "எல்டன், இது பாதையா, இல்ல மாடு நடந்துக்கிட்டே மூத்திரம் பெய்ஞ்ச கோடா?"

"நீ உருட்டு. அதுக்கு வழி தெரியும்."

லவோன் உருட்டினார். வாழ்க்கையில் அவர் அடித்த முதல் அடி. பந்து கோணல் பாதையிலேயே வளைந்து வளைந்து போய், களைத்துப்போனதுபோல் நின்றுவிட்டது.

"எங்க நிக்குது?" என்று கேட்டார் எல்டன்.

"ஒரு சாண் தள்ளி."

எல்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "போதும், எடுத்துக்கோ. விழுந்த மாதிரிதான்."

லவோன் திரும்பி அவரைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் வாயில் இந்த வார்த்தை வந்து கேட்டதில்லை. இழுவையைப் பிடித்தபடி, முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, மனைவியின் தோளையோ காதையோ பார்த்துக்கொண்டு நின்றிருந்தார் எல்டன்.

"அதெல்லாம் முடியாது" என்றார் லவோன். "விழுந்தாத்தான் விழுந்தது." அந்த ஒரு சாணையும் நடந்துபோய்த் தட்டினார். டக்.

எல்டன் குழியிலிருந்து தொடங்கி வட்டம் இழுக்க ஆரம்பித்தார். லவோன் அவர் தோளைப் பிடித்து, அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே கூடவே சுற்றினார். கடைசிச் சுற்று முடிந்து, இருவரும் மணலைத் தாண்டிப் புல்லில் கால் வைத்த பிறகு எல்டன் கேட்டார்.

"அடுத்த பூனைப் பெட்டி எந்தப் பக்கம்?"

"வெயில் மூஞ்சில அடிக்கிற பக்கம்" என்றார் லவோன். வண்டிச் சாவியை எடுத்தார்.