பூட்டுப் போட்ட பெற்றோல் தாங்கி

லொறியின் பெற்றோல் தாங்கிக்கு முதலாளி ஒரு பித்தளைப் பூட்டுப் போட்ட காலை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. எழுபதுகளின் கடைசி. கல்முனையிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவதும், திரும்பும்போது கரட், லீக்ஸ் என்று மலைநாட்டு மரக்கறி கொண்டுவருவதும் என் வேலை. கலியாணம் முடித்து ஐந்து மாதம். எங்கள் ஊர் வழக்கப்படி பெண் வீட்டில் குடியிருந்தேன். பூட்டின் திறப்பை இடுப்புப் பட்டிக்குள் செருகிய முதலாளி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. கள்ளன் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

கெட்ட மனிதரல்ல அவர். லொறி வாங்குமுன் வயல் செய்தவர். உழவு தொடங்கமுன் மாட்டுக்குத் தீனியைக் கூட்டுவதுபோல, மலை ஏறும் லொறிக்கும் நல்ல தீனி வேண்டும் என்று நம்பினார். அதனால் எங்கள் பழைய லொறி விலை கூடிய சுப்பர் பெற்றோல்தான் குடித்தது. அப்படியிருந்தும் வெலிமடை தாண்டினால் கரும்புகை கக்கிக்கொண்டு முதலாம் கியரில் ஊர்ந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது சந்தை கலைந்திருக்கும். நான் சுப்பரை வழியில் விற்றுவிட்டுச் சாதாரண பெற்றோலை ஊற்றுகிறேன் என்று அவருக்குச் சந்தேகம்.

"சுப்பர் குடிச்ச லொறி எப்படித் தம்பி ஏறாமப் போகும்?" என்று தேத்தண்ணிக் கடையில் பத்துப் பேர் கேட்கக் கேட்டார். அந்தக் கதை எனக்கு முன்னமே வீட்டுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து மாமா, என் மனைவியின் வாப்பா, என்னோடு லொறியைப் பற்றி ஒரு சொல்லும் கதைப்பதில்லை. அவரும் நம்பிவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

கொடுமை என்னவென்றால், லொறி ஏறாத காரணம் எனக்குத் தெரியும். வெலிமடையில் லொறி திருத்தும் ஒரு சிங்கள மெக்கானிக் பாஸ் விளங்கப்படுத்தியிருந்தார். சுப்பரின் ஒக்டேன் கூட என்றால் அதற்குப் பலம் கூட என்று அர்த்தமில்லை; எஞ்சினுக்குள் எவ்வளவு நெரித்தாலும் முந்தி வெடித்து 'டக்டக்' என்று தட்டாமல் எரியும், அவ்வளவுதான். எங்கள் பழைய எஞ்சினுக்குக் கடற்கரையிலேயே அது தேவையில்லை. மலையில் காற்று மெலிவு, அங்கே இன்னும் தேவையில்லை. காற்றுக் குறைய, பெற்றோல் மட்டும் அதே அளவு போவதுதான் கரும்புகைக்குக் காரணம். கார்பரேட்டருக்குத் துளை சிறுத்த சின்ன ஜெட் போட்டுப் பெற்றோல் வரத்தைக் குறைத்து, சாதாரண பெற்றோல் அடித்தால் போதும். ஆனால் சாதாரண பெற்றோல் போதும் என்று நான் எந்த வாயால் சொல்வது? கள்ளனும் அதைத்தானே சொல்லுவான்.

அடுத்த பயணத்தில் முதலாளியே திறப்போடு வந்து ஏறினார். வெல்லவாயவில் தன் கண் முன்னால் சுப்பர் அடிப்பித்துப் பூட்டினார். வெலிமடைக்கு அப்பால் லொறி வழக்கம்போல இழுத்தது. முதலாளி பொறுமை கெட்டு இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். இரண்டு வளைவில் எங்களை முந்தியும் விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மூச்சு வாங்க நின்று, "சொல்லு தம்பி, என்ன செய்வம்?" என்றார். பாஸ் சொன்னதைச் சொன்னேன். தான் பூட்டிய சுப்பரோடும் லொறி ஏறாததை அவரே கண்டிருந்தார். பிறகு திறப்பை எடுத்து என் கையில் வைத்தார்.

அடுத்த முறையும் வந்தார். சாதாரண பெற்றோலோடு வெலிமடைக்குப் போய், பாஸைக் கொண்டு சின்ன ஜெட் போடுவித்தோம். லொறி பறக்கவில்லைதான்; ஆனால் புகையில்லாமல், இரண்டாம் கியரில், நிற்காமல் ஏறியது. முதலாளி இறங்கி நடக்கவில்லை. சந்தை கூடுமுன் போய்ச் சேர்ந்தோம். இறங்கி வரும்போது, காற்றுக் கூடிய கீழ்ப்பக்கத்தில் எஞ்சின் சூடாகாமலிருக்கப் பழைய ஜெட்டையே திரும்பப் போட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து முதலாளி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். விறாந்தையில் மாமாவுக்கு முன்னால் உட்காராமல் நின்றார்.

"உங்கட மருமகன நான் கள்ளனெண்டு நினைச்சிட்டன். பிழை என்ட பக்கம்தான். ரெண்டு பேரும் மாப்புத் தரணும்."

மாமா எழுந்து அவர் கையைப் பிடித்தார்.

"அவர் எடுக்கல்ல எண்டு எங்களுக்குத் தெரியும். கேட்டா அவர்ட மனசு நோகுமெண்டுதான் நாங்க ஒண்டும் கதைக்கல்ல."

நான் உள்ளே போனேன். அடுப்படியில் மனைவி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நின்று அழுதுவிட்டேன். புது மாப்பிள்ளை அடுப்படியில் வந்து அழுவதா என்று அவள் சிரித்தாள்.