ஆத்தா என் வாயைப் பிடித்துக்கொண்டாள்

என் வீட்டுக்காரரைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் புல்தரையில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு உடல்கள், காட்டுக்காரர்களுடையவை. பாசாருக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு சிப்பாய் பூட்ஸ் காலால் அவர் முகத்தை என் பக்கம் திருப்பி, இவனைத் தெரியுமா என்று மலாயில் கேட்டான். தெரியும் என்றேன். என் புருஷன் மாணிக்கம், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர், காட்டுக்காரர் இல்லை என்றேன். அவன் காதில் வாங்கவில்லை. அவர் உதட்டில் ஈ உட்கார்ந்திருந்தது. ஓட்டக் கையை நீட்டினேன். தட்டிவிட்டான்.

அம்மன் பிள்ளைகளே, என் சோதனை அங்கேதான் ஆரம்பித்தது. இந்தப் பாரோய் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் என்னைப் பார்க்கிறீர்கள். அஞ்சலையம்மாவுக்குக் கோபமே வராது என்று நீங்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுகிறது. அது என் குணம் இல்லை. ஆத்தா போட்ட பிச்சை. அதைச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

அப்போது மலாயாவில் அவசரகாலம்; வெள்ளைக்கார ஆட்சியோடு சண்டை போட்டுக் காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளைத்தான் காட்டுக்காரர்கள் என்போம். எங்கள் தோட்டம் கெமாஸ் பக்கம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், அந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி அடித்திருந்தார்கள். மரம் வெட்டப் போகும்போது கேட்டில் சோதனை நடக்கும். காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசிகூட வெளியே விடமாட்டார்கள். பெண்களின் சேலையையும் உதறிப் பார்ப்பார்கள். ஆனால் காட்டோரத்து மரங்களுக்குப் பின்னால் காட்டுக்காரர்கள் வந்து நிற்பார்கள். சோறு கொடுக்காவிட்டால் அவர்கள் கொல்வார்கள். கொடுத்தால் சிப்பாய்கள் கொல்வார்கள். ஆண்கள் முறை வைத்துக்கொண்டு கொடுத்தார்கள். அன்று என் வீட்டுக்காரர் முறை. பால் வாளிக்கு அடியில் சோற்றை மறைத்துக்கொண்டு போனார். சிப்பாய்கள் சரியாக அதே இடத்தில் புதருக்குள் காத்திருந்தார்கள்.

யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். லயம் முழுக்க ஒரே பெயரைத்தான் சொன்னது. ரங்கசாமி மண்டோர், எங்களை வேலை வாங்குகிறவர். மரத்தைக் காயப்படுத்திவிட்டார் என்று அதற்கு முந்தின வாரம்தான், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டில், எல்லார் முன்னாலும், என் வீட்டுக்காரரைக் கேவலமாகத் திட்டியிருந்தார். அது போதாதா? வேறு சாட்சி யாரும் தேடவில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த நாளில் என் வாய்க்குத் தோட்டமே பயப்படும். பீலியில் தண்ணீர் வரவில்லையா, வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயக்கொட்டகையில் பால் குறைகிறதா, பெண்கள் என்னைத்தான் முன்னே தள்ளுவார்கள். "அஞ்சல கேட்டாத்தான் லா சரிவரும்" என்பார்கள். அதைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. தோட்டத்து ஆபீசில் கிராணியிடம் கத்திவிட்டு வருவேன். சிரித்து என் தோளைத் தட்டுவார்கள். தண்ணீர் எல்லாருக்கும் வரும்; கத்தினதற்குத் தண்டனையாக மலைச்சரிவில் மோசமான மரங்கள் எனக்கு மட்டும் வரும். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அந்தத் தட்டு இல்லாவிட்டால் சோறு இறங்காது எனக்கு.

புருஷனைப் புதைத்த மறுநாளே பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எனக்குப் பக்கத்து வரிசையில் மரம் வெட்டும் பச்சையம்மாள்தான் முதலில் பேசினாள். அவள் என் உயிர்க் கூட்டாளி.

"காட்டுலேர்ந்து ஆள் வருது அஞ்சல. யாரு சொன்னதுன்னு உன்னத்தான் கேப்பாங்க. நீ மண்டோர் பேரச் சொல்லு. மத்தத அவங்க பாத்துக்குவாங்க."

"நான் பாக்கலையேடி."

"பாக்கணுமா? உன் தாலிய அறுத்தவன் அவன். உனக்கு ரோசம் இல்ல?"

ரோசம் என்ற சொல் என்னைச் சுட்டது. சொல்கிறேன் என்றேன். எல்லோரும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குச் சுகமாக இருந்தது.

மத்தியானம் வேலை முடிந்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில், வேலிக்குள்ளேயே இருந்தது. அவனை எடுத்துக்கொள் ஆத்தா, அவன் குலம் விளங்கக்கூடாது என்று வேண்டிக்கொள்ளத்தான் போனேன். கற்பூரம் ஏற்றும்போது சுவருக்குப் பின்னால் பீலியடியில் பேச்சுக் கேட்டது. என்னோடு அழுத அதே பெண்கள். மண்டோர் செத்தால் அடுத்த மண்டோர் யார், அந்தப் பெரிய வீடு யாருக்குப் போகும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னவோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். என் புருஷன் பெயரை ஒருத்தியும் சொல்லவில்லை.

ஆத்தா முன்னால் மண்ணில் விழுந்தேன். வேண்ட வந்தது வாயில் வரவில்லை. "ஆத்தா, என் வாய் என் பேச்சக் கேக்காது. யாராச்சும் தோளத் தட்டினா ஒருத்தன் உசுரையும் வித்துடும். நீ புடிச்சுக்கோ தாயே. நான் பாக்காத ஒண்ண என் வாயால வரவிடாத" என்று கதறினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் எனக்கு எதிராக வேண்டிக்கொண்டதே இல்லை.

இரண்டொரு நாளில் அந்த ஆள் வந்தான். எங்கள் தமிழன்தான். கன்னத்தில் நீளமாக ஒரு தழும்பு. விடிந்து பால் வடிந்துகொண்டிருந்த நேரம், மரத்துக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியோடு வெளிப்பட்டான். பக்கத்து வரிசைகளில் பெண்கள் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"யாரு காட்டிக் குடுத்தது? பேரச் சொல்லும்மா. உன் புருஷனுக்கு நாங்க நியாயம் செய்யறோம்."

வாயைத் திறந்தேன். மண்டோர் பெயர் தொண்டை வரை வந்துவிட்டது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. நம்புகிறவர்கள் நம்புங்கள், அதை அசைக்க முடியவில்லை. மனசுக்குள் ஆத்தா ஆத்தா என்றேன். பிறகு வாயில் வந்தது இதுதான்: "எனக்குத் தெரியாதுங்க. நான் பாக்கல."

அவன் என்னை வெறித்துப் பார்த்துவிட்டுப் போனான். பச்சையம்மாள் என் காலடியில் காறித் துப்பினாள்.

அன்றிலிருந்து நான் லயத்துக்குச் செத்தவள். பீலியடியில் என் வாளியை உதைத்துத் தள்ளினார்கள். "மண்டோர் ஊட்டுச் சோறு ருசியா இருக்கா?" என்று கேட்டார்கள். ஆயக்கொட்டகையில் என் மகளை மூத்திரத்தோடு அப்படியே விட்டுவைத்தார்கள். நாலு வயதுக் குழந்தை. ஒவ்வொரு சொல்லுக்கும் பத்துச் சொல் என் நெஞ்சில் கொதித்தது. கதவைச் சாத்திக்கொண்டு சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒருவரும் வரவில்லை. இலை போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒருவர் வந்தார். ரங்கசாமி மண்டோர்.

லயமே வாசலில் நின்று பார்த்தது. அவர் முகத்தில் துப்பியிருந்தால் போதும். அந்த நிமிஷமே எல்லாரும் எனக்குத் திரும்பக் கிடைத்திருப்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எச்சிலும் ஊறிவிட்டது.

"நான் சொல்லல அஞ்சல. என் புள்ளைங்க மேல சத்தியம்" என்றார்.

ஆத்தா, புடிச்சுக்கோ என்றேன். எச்சிலை விழுங்கினேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வந்துட்டீங்க. உக்காந்து சாப்பிடுங்க" என்றேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

லயத்துக்கு ஒரு வாய் வேண்டியிருந்தது. இப்போது பச்சையம்மாளை முன்னே தள்ளினார்கள். "பச்சதான் லா பொம்பள, அஞ்சல மாதிரி இல்ல" என்றார்கள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். என் முகம் முன்பு அப்படித்தான் மலர்ந்திருக்கும். தடுக்கப் போனேன். என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். தழும்புக்காரன் மறுபடியும் வந்தபோது அவள் மண்டோர் பெயரைச் சொன்னாளாம்.

காட்டுக்காரர்கள் மண்டோரைக் காலையில் பிடித்தார்கள். ரப்பர் மரத்தில் கட்டினார்கள். எல்லாரையும் நிறுத்திவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவர் மனைவி ஒவ்வொருவர் காலாக விழுந்தாள். யாரும் குனிந்து அவளைத் தூக்கவில்லை. நான் தூக்கப் போனேன். துப்பாக்கிக் கட்டையால் என் தோளில் இடித்து விழத்தட்டினார்கள். அவர்கள் அவரைச் சுடவில்லை. பால் வெட்டும் கத்தியால் செய்தார்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

மத்தியானம் சிப்பாய்கள் வந்தார்கள். எங்களை வெயிலில் உட்காரவைத்து, ஒவ்வொருவராகக் கூடாரத்துக்குள் கூப்பிட்டு, பெயர் கொடுத்தது யார் என்று விசாரித்தார்கள். என் முறையில் நான் பார்க்கவில்லை என்றேன். மொழிபெயர்த்தவன் கன்னத்தில் அறைந்தான். மறுபடியும் அதையே சொன்னேன். மறுபடியும் அறைந்தான். இந்தக் காது அன்றிலிருந்து கேட்காது. ஆனால் லயத்தில் மற்ற அத்தனை பேரும் ஒரே பெயரைச் சொல்லியிருந்தார்கள். பச்சையம்மாள்.

அவளை லாரியில் ஏற்றினார்கள். "நீங்கதானடி சொல்லச் சொன்னீங்க! வாயத் தொறங்கடி!" என்று ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருத்தியும் தலைநிமிரவில்லை. தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள், பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றி விட்டார்கள் என்றார்கள். அவளை நான் திரும்பப் பார்க்கவே இல்லை. அவள் மகள் லாரிக்குப் பின்னால் ஓடி விழுந்து கிடந்தாள். யார் வீட்டுக் கதவும் திறக்கவில்லை. நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பல மாதம் கழித்துத் தோட்டத்துக்கு ஒலிபெருக்கி வண்டி வந்தது. காட்டிலிருந்து வந்து சரணடைந்தவர்கள் பேசுவார்கள், வந்து கேளுங்கள் என்றார்கள். வெள்ளைச் சட்டை, புது ஷூ போட்டுக்கொண்டு ஒருவன் ஏறினான். கன்னத்தில் தழும்பு. அரசாங்கம் தன்னை நன்றாக வைத்திருக்கிறது என்றான். காட்டில் இருக்கும்போதே அரசாங்கத்துக்கு இரகசியமாக உதவியதாகப் பெருமையாகச் சொன்னான். எங்கள் தோட்டத்திலிருந்து சோறு வரும் இடத்தையும் நாளையும் சிப்பாய்களுக்குச் சொன்னது தானே என்றான்.

என் புருஷனைக் கொடுத்தவன் அவன்தான். அவன் கூட்டத்தார் சந்தேகப்படாமல் இருக்க வேறொரு பெயர் அவனுக்குத் தேவைப்பட்டது. அதை என்னிடம் கேட்க வந்திருக்கிறான். நான் சொல்லியிருந்தால் என் புருஷனைக் கொன்றவனை என் வாயாலேயே காப்பாற்றியிருப்பேன். ஒரு குற்றமும் செய்யாத மனிதனின் சாவும் என் கணக்கில் ஏறியிருக்கும். அந்த லாரியில் நான் போயிருப்பேன்.

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பாய்வேன், கத்துவேன் என்று காத்திருந்தது. "கேளு அஞ்சல, சும்மா விடாத" என்று ஒருத்தி என் முதுகில் கை வைத்தாள். சுற்றிலும் துப்பாக்கிகள். என் மகளையும் பச்சையம்மாள் மகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். ஆத்தா முன்னால் விழுந்து குடல் வெளியே வருகிற மாதிரி அழுதேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் வரும். வந்தால் அவளிடம் கொண்டுபோய்க் கொட்டுவேன். அவள் வாங்கிக்கொள்வாள்.

அதற்குப் பிறகு லயத்தார் என்னைத் தலையில் தூக்கிவைத்துப் பேசினார்கள். "நீ அப்பவே தெரிஞ்சவ அக்கா" என்றார்கள். அது எனக்கு இனிக்கவில்லை. முன்பு வைததும் அதே வாய்கள்தானே. தேவைப்பட்டபோது கிராணியிடம் போய் நியாயம் கேட்டேன். கத்தாமல் கேட்டேன், எனக்கே சரி என்று பட்டபோது மட்டும் கேட்டேன். பிறகு இங்கே சிரம்பானுக்கு வந்து ஆஸ்பத்திரியில் துணி வெளுத்து இரண்டு பெண்களையும் ஆளாக்கினேன். இருவரும் பேரன் பேத்தி கொடுத்திருக்கிறார்கள். இது அவள் கொடுத்த வாழ்வு. அவளுக்குக் கோடி நமஸ்காரம்.

உங்களில் சின்ன வயசுப் பெண்கள் இருக்கிறீர்கள். நாலு பேர் மெச்சுவதற்காகக் கொதித்துப் பேசும் நாள் உங்களுக்கும் வரும். பேசும் முன்னால் ஒரு தரம் ஆத்தா என்று சொல்லிப் பாருங்கள். ஊரே ஒதுக்கிவைத்த வீட்டுக்குள் அவள் வந்து என்னோடு உட்கார்ந்திருந்தாள். உங்கள் வீட்டுக்கும் வருவாள். கூப்பிடுங்கள்.