கண்மாய்க் கரையில் ஒரு வெடிப்பு

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் போகும் டவுன் பஸ், கண்மாய்க் கரையில் ஏறுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது.

"எல்லாரும் எறங்கி நடந்து வாங்க, வண்டி காலியா வரட்டும்" என்கிறார் கண்டக்டர். யாரும் முணுமுணுக்கவில்லை. மழை பிடித்ததிலிருந்து இப்படித்தானாம்.

கரைமேல் போகும் தார்ச்சாலையின் ஓரத்தில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே மூன்று இடங்களில் சிமென்ட் பூசியிருக்கிறது. ஒரு பெண் குனிந்து, ஒவ்வொரு பூச்சையும் விரலால் தடவிப் பார்க்கிறார்.

"எதுக்குக்கா இது?"

"பூச்சு விரிசல் விட்டுச்சுன்னா கரை நகருதுன்னு அர்த்தம். இன்னைக்கு விடலைங்க."

ஒரு பக்கம் கண்மாய் நிறைந்து தளும்புகிறது. மறுபக்கம், கரையின் அடியில் நாலைந்து பேர் மண்மூட்டைகளை அடுக்குகிறார்கள்.

"நல்ல கரையாச்சே, எப்படி வெடிச்சுச்சு?"

"கோடையில அடியில மண்ணு வெட்டிட்டோம். கிட்டக்கவே கெடக்குதே, மேல ரோட்டத் தொடலையேன்னு நெனச்சோம். கால வெட்டிட்டா ஒடம்பு எப்படிங்க நிக்கும்?"

"யாரு வெட்டினது?"

அவர் தயங்கவில்லை. "அங்கிட்டுப் பாருங்க, கரைக்குக் கீழ அந்தப் பச்சை வீடு. எங்க வீடுதான். வாசல மேடாக்க ஆறு டிராக்டர் மண்ணு அடிச்சோம்."

காலி பஸ் ஊர்ந்து கரையைக் கடக்கிறது. அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை, சிமென்ட் பூச்சையே பார்க்கிறார்.

ஏறி உட்கார்ந்தபின் ஜன்னல் வழியே பச்சை வீடு தெரிகிறது. வாசலில் ஒருவர் மண்ணை வெட்டி மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டின் கடைசிப் படி, தரையைத் தொடாமல் நிற்கிறது.