பதினான்கு முறை திருப்பிய சாவி

எங்கள் வெள்ளை வேனின் சாவித் துவாரம் தேய்ந்துபோயிருந்த நாட்களுக்கு என்னிடம் எழுத்துச் சான்று இருக்கிறது. ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள். தேதி, கிழமை, நேரம், யார் திருப்பினார்கள், எத்தனையாவது திருப்பலில் வண்டி கிளம்பியது என்று ஐந்து கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். அப்பாவுக்கு எதிரே ஒன்பது, பதினொன்று என்றெல்லாம் இருக்கும். பெரியப்பாவுக்கு எதிரே எப்போதும் கோடுதான்; அவர் கைக்கு அது கிளம்பியதே இல்லை. அம்மாவுக்கு எதிரே ஒன்று, ஒன்று, ஒன்று.

வேன் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பொதுவானது. வாங்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. திருப்பருத்திக்குன்றத்திலும் வாலாஜாபாத் பக்கத்திலும் எங்களுக்கு நெய்பவர்களின் வீடுகளுக்குப் பட்டும், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்து முடித்த சேலைகளை வாங்கி வர வேண்டும். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டார். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஓட்டத் தெரியாததால் இரண்டு மாதம் வண்டி வாசலிலேயே நின்றது. பெரியப்பா வேறு ஆள் தேடிக்கொண்டிருக்க, அம்மா யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸோடு வந்து நின்றாள்.

சாவியை முழுக்க உள்ளே விட்டு, ஒரு நூல் அளவு வெளியே இழுத்து, இடப்பக்கம் லேசாக அழுத்தியபடி திருப்ப வேண்டும். அந்த ஒரு நூல் எவ்வளவு என்பது அம்மாவுக்கு மட்டும் தெரிந்தது. தறியில் பழைய பாவு தீர்ந்ததும், அதன் முனைகளோடு புதுப் பாவின் முனைகளை விரலில் சாம்பல் தொட்டு ஒவ்வொரு இழையாக முறுக்கிப் பிணைப்பவள் அவள். ஆயிரக்கணக்கான இழைகள். அந்த வேலையில் கண்ணைவிட விரல்தான் அதிகம் பார்க்கும். அந்த விரலுக்கு வேனின் பூட்டு எம்மாத்திரம்?

விடுமுறை நாட்களில் நானும் உடன் போவேன். வாலாஜாபாத்தில் வேலை முடிந்ததும் சாலையோரக் கடையில் நிறுத்தி, டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தபடியே அம்மா ஒரு டீ குடிப்பாள். வீட்டில் நின்றுகொண்டே குடிப்பவள், அங்கே மட்டும் டீ ஆறுகிற வரை குடிப்பாள். நான் நேரம் பார்த்து எழுதியிருக்கிறேன்: இருபது நிமிடம்.

காலாண்டு விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குப் பெரியப்பா ஒரு இளைஞனை அழைத்து வந்தார். பெரியம்மா வழியில் சொந்தம். நன்றாக வண்டி ஓட்டுவானாம்.

“நாளைலேந்து தம்பி ஓட்டுவாம்மா. நீ இன்னாத்துக்கு வெயில்ல அலஞ்சிக்கினு?” என்றார் அம்மாவிடம்.

அந்தத் தம்பி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். நகரவில்லை. இழுத்தான், குத்தினான், ஸ்டியரிங்கை ஆட்டினான், ஊதிக்கூடப் பார்த்தான். “அண்ணி, நீங்க ஒரு தபா போட்டுக் காட்டுங்களேன்” என்று இறங்கிக்கொண்டான்.

அம்மா ஏறினாள். நான் நோட்டோடு தயாராக நின்றேன். ஒன்று. இரண்டு. ஏழு. பதினான்காவது திருப்பலுக்குப் பிறகு அவள் சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். “லாக்கு போயிடுச்சி போல மாமா. பழைய வண்டி பாருங்க.”

பெரியப்பா சிரித்தார். “உன் கைக்கே ஸ்டார்ட் ஆவல, உனக்கு இன்னாத்துக்கும்மா இந்த வேல? லாக்கு சரியானதும் சொல்லு. அன்னிக்கே தம்பிய அனுப்பறேன்.”

அம்மாவைப் பார்த்து அப்படிச் சிரிக்கலாமா? நோட்டில் எழுதினேன்: “அம்மா, 14, கிளம்பவில்லை. பூட்டு மிக மோசம்.” அதற்கு அடுத்த வரியில் பெரியப்பா சொன்னதையும் எழுதினேன். இரண்டு வரிகளையும் பிணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் போன கால்மணி நேரத்தில் அம்மா ஒரே திருப்பலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதையும் எழுதினேன். இனி இந்தப் பூட்டை நம்ப முடியாது, சரி செய்தே தீர வேண்டும் என்றுதான் அதிலிருந்து புரிந்துகொண்டேன்.

முதலில் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குப் போடும் எண்ணெயைத் துவாரத்தில் விட்டேன். சாவி பிசுபிசுத்து, தூசியை அப்பிக்கொண்டு வந்தது. மறுநாள் சாவியோடு சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே குடை நிழலில் உட்கார்ந்திருந்த சாவிக்காரர் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“தேஞ்ச சாவிய வெச்சி வெட்டினா தேஞ்ச சாவிதான் வரும் பாப்பா. வண்டி வாங்கும்போது சாவி நம்பர் ஒண்ணு குடுத்திருப்பாங்க, அத எடுத்துக்கினு வா.”

தேடினேன். வேனின் காகிதங்கள் இருந்த பிஸ்கட் டப்பா, பழைய காலண்டர்களின் பின்பக்கம், பரண்மேல் இருந்த சரிகைப் பெட்டிகள் என்று நான்கு நாள். ஐந்தாம் நாள், முதல் சொந்தக்காரரின் இன்சூரன்ஸ் தாளில் குத்தியிருந்த ஊசியில் அந்தச் சின்ன அலுமினியத் தகடு தொங்கியது. அதில் எண் தெளிவாக இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் தறியை நிறுத்தாமல் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை, அம்மா அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குப் பாவு பிணைக்கப் போயிருந்தபோது, நான் எண்ணைக் கொடுத்துக் கூப்பிட்டிருந்த சாவிக்காரர் வந்தார். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். பிறகு பூட்டின் உருளையை வெளியே எடுத்து, உள்ளிருந்த பித்தளைத் தகடுகளைச் செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். நகத்துணுக்கு போல இருந்த அவற்றில் சில ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருந்தன. அவற்றுக்குப் பதிலாகத் தன் டப்பாவிலிருந்து வேறு தகடுகளைப் பொறுக்கி, அந்த எண்ணை வைத்து வெட்டிக் கொண்டுவந்திருந்த இரண்டு புதுச் சாவிகளுக்கு ஏற்ப அரத்தால் தேய்த்துப் பொருத்தினார். நான் பெருமையோடு நோட்டைக் காட்டினேன். பதினான்கு என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

“இது யாரு?”

“எங்கம்மா.”

“தெனம் ஒண்ணு, இதுல மட்டும் பதினாலா? பூட்டுக்கு நாளு கெழமையெல்லாம் தெரியாது பாப்பா. தெறக்கத் தெரிஞ்ச கைக்கு எப்பவும் தெறக்கும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உங்கம்மா சரி பண்ணச் சொன்னாங்களா?” என்று கேட்டார். அப்பா சம்மதித்துவிட்டார் என்றேன். அவர் உருளையை எடுத்து வேனில் திரும்பப் பொருத்தினார்.

அம்மா வந்ததும் இரண்டு புதுச் சாவிகளை அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரல்நுனிகளில் இன்னும் சாம்பல் இருந்தது. ஒன்றை எடுத்து மற்றதோடு சேர்த்துவைத்துப் பார்த்தாள்.

“ரெண்டா?”

“ஆமாம்மா. ஒண்ணு தொலஞ்சாலும் ஒண்ணு இருக்கும்.”

பாராட்டுவாள் என்று காத்திருந்தேன். என் தலையை ஒருமுறை தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள். சாம்பல் என் தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை நானே பெரியப்பா வீட்டுக்குப் போய், இரண்டு புதுச் சாவி வந்திருக்கிறது, இனி எங்கள் வேன் யார் திருப்பினாலும் கிளம்பும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இனிமேல் அவரால் எப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்கு அவ்வளவு திருப்தி.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குப் பெரியப்பா அந்தத் தம்பியோடு வந்து கையை நீட்டினார். “அந்த ரெண்டாவது சாவியக் குடும்மா.”

அம்மா இரண்டு சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகியிருந்தாள். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, “டிரைவர் வேணாம் மாமா. வண்டிய நான்தான் ஓட்டுவேன்” என்றாள்.

“இன்னாம்மா இது? லாக்கு சரியானா தம்பிய அனுப்பறதா பேச்சு.”

“சொன்னது நீங்க மாமா. நான் சரின்னு சொல்லல.”

உள்ளே தறிச் சத்தம் நின்றது. பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பி, அப்பா எழுந்து வருவார் என்று பார்த்தார். நானும் பார்த்தேன். சற்று நேரத்தில் தறி மறுபடி ஓடத் தொடங்கியது. பெரியப்பா தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, “வாடா” என்று அந்த இளைஞனை இழுத்துக்கொண்டு நடந்தார்.

அவர்கள் தெருமுனை திரும்பும் வரை அம்மா அசையவில்லை. பிறகு பாவுச் சுருள்களை ஏற்றிவிட்டு, இருக்கையில் உட்கார்ந்து சாவியை எடுத்தாள். புதுச் சாவி துவாரத்தின் விளிம்பில் இரண்டு முறை தட்டி விலகியது. மூன்றாவது முறை, வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு உள்ளே செலுத்தித் திருப்பினாள். வண்டி கிளம்பியது. நான் வருத்தத்தோடு நோட்டைப் பிரித்தேன்.

அந்தப் பக்கம் இப்போது என் எதிரே இருக்கிறது. பென்சில் எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது: “திங்கள், 8.50. அம்மா, 3. புதுப் பூட்டும் சரியில்லை. சாவிக்காரரைத் திரும்பக் கூப்பிட வேண்டும்.”