தகவல் சொல்லாத ராணுவ வீரன்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் 1991இல் வந்த ஒரு போர்க்காலக் காதல் படம் போட்டார்கள்.

செத்துவிட்டதாகத் தந்தி வந்த ராணுவ வீரன் உயிரோடு திரும்புகிறான். காதலி அவனுடைய நண்பனுக்குப் பக்கத்தில் மணமேடையில் இருக்கிறாள்.

என் பக்கத்து இருக்கை மலர் அழுதாள். அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை பயிற்சிக்குக் கொரியா போயிருக்கிறார். ஒரு வாரமாகப் போன் இல்லை.

"இன்னாத்துக்குடி அழுவுற?" என்றார் ஃபேக்டரியில் எங்கள் லைன் லீடரான தேவி அக்கா. "சொல்லாம லீவு போட்டா லைன்ல வேற ஆளத்தான் நிறுத்துவாங்க."

"படத்துல அவரு சண்டைக்குப் போனாருக்கா!"

"போனா இன்னா? ஒரு லெட்டர் போடக் கையில்லியா?"

மலர் அழுகையை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள்.

அதற்குள் ஒரகடம் கேட் வந்துவிட்டது. டிரைவர் டிவியை அணைத்துவிட்டார்.

படத்தில் கடைசியில் அந்தக் காதலி யாரைக் கட்டிக்கொண்டாள்? பார்த்தவர்கள் சொல்லுங்கள். கொரியாவில் ஒருவருக்கு அவசரமாகத் தெரிய வேண்டியிருக்கிறது.