புதனுக்கு மூடி இல்லை

எழுத்தர் தேர்வு எழுத வயது வரம்பு உண்டு. எனக்கு அந்த வரம்புக்குள் மிச்சமிருந்தது ஒரே ஒரு தேர்வு. கேரள எல்லையில் எங்கள் பாறசாலைப் பக்கத்தில் கல்யாணம் ஆகாதவளும் இந்தத் தேர்வுக்குப் படிப்பாள், இரண்டு பிள்ளை பெற்றவளும் படிப்பாள். அரசு வேலை கிடைக்கும்வரை செய்கிற எந்த வேலைக்கும் 'இப்போதைக்கு' என்றுதான் பெயர். நானும் இப்போதைக்கு என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டு வருடம் தையல் மிஷின் மிதித்திருந்தேன்.

என்னோடு சேர்ந்து படித்தவள் பொழியூர்க்காரி, என்னைவிட நாலு வயது இளையவள். அவள் அம்மா மீன் விற்பவர். காலையில் பஸ் ஏறி வந்து, எங்கள் ஊர் வாசகசாலையின் மாடி அறையில் மதியம்வரை என்னோடு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் படித்தது மலையாளத்தில், சண்டை போட்டது தமிழில்.

சண்டைக்குக் காரணம் அவளிடமிருந்த ஒரு கெட்ட பழக்கம். எதைப் படித்தாலும் காரணம் கேட்பாள். என் வழி வேறு. கேள்விகள் ஏராளம், நேரம் குறைவு, தவறாக எழுதினால் இருக்கிற மார்க்கையும் பிடித்துக்கொள்வார்கள். கேள்வியில் ஒரு சொல்லைக் கண்டதும் விடை தானாக வந்து விழ வேண்டும், நின்று யோசிக்கிறவள் வீட்டில்தான் இருப்பாள் என்பது என் கட்சி. என் நோட்டில் எல்லாமே ஒற்றை வரிகள். சூரியக் குடும்பத்தில் வெப்பம் கூடிய கிரகம், சுக்கிரன். எனக்கு அதோடு முடிந்தது. அவளுக்கு முடியவில்லை.

"அக்கா, சூரியனுக்குப் பக்கத்துல கெடக்குதது புதன் அல்லா? பின்ன எப்பிடி சுக்கிரனுக்குச் சூடு கூடும்?"

"கூடும். அவ்வளவுதான். எழுதிக்கோ."

"அடுப்புக்குப் பக்கத்துல நிக்குதவளுக்குத்தானே வேர்க்கும்?"

அடுத்த பக்கத்துக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பள்ளிக்கூடத்தில் எப்போதோ கேட்டது கொஞ்சம் உள்ளே கிடந்திருக்கிறது. அதை வாரி அவள் தலையில் கொட்டினேன்.

"உனக்க அம்மைக்கு மீன் வைக்குத தெர்மோகோல் பெட்டி உண்டு இல்லியா? அந்தப் பெட்டி குளிரை உண்டாக்குமா?"

"இல்ல. வெளிய உள்ள சூட்டை உள்ள விடாது. ஐசு நிக்கும்."

"அதுபோலத்தான் சுக்கிரனைச் சுத்தி கனத்த காத்து கெடக்கு. முக்காலும் கரியமில வாயு. சூரியனுக்க வெளிச்சம் கொஞ்சம் அதைத் தாண்டி உள்ள போவும். தரை சூடாவும். அந்தச் சூடு திரும்பி வெளிய போவதுக்கு லேசுல விடாது. வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்தின காரு கணக்கா உள்ளயே கெடந்து வேவும். நம்ம பூமிக்கு ஒரு அளவான காத்து. பகல்ல கருகவும் விடாது, ராத்திரி உறையவும் விடாது."

பேனாவைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ புதனுக்கு மூடி இல்ல. பகல் சுட்டுப் பொசுக்கும், ராத்திரி எல்லாச் சூடும் எறங்கிப் போயி ஐசாவும். அப்பிடித்தானே அக்கா?"

"அப்பிடித்தான் ஆக்கும். இதுக்கு மார்க்கு உண்டா? ஒரு காலை மொத்தம் போச்சு, மக்கா."

வீட்டுக்குப் போய், இவளோடு சேர்ந்தால் இரண்டு பேரும் தேறமாட்டோம் என்று கணவரிடம் புலம்பினேன்.

தேர்வு தனுவச்சபுரத்தில் ஒரு பள்ளியில் நடந்தது. எனக்கு ஒரு அறை, அவளுக்கு வேறு அறை. பாதி தாண்டியதும் அந்தக் கேள்வி வந்தது. என் கண்ணில் பட்டவை சூரியக் குடும்பம், வெப்பம், கூடிய, கிரகம் ஆகிய சொற்கள்தான். கை சுக்கிரனுக்குரிய வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டது. என் வேகத்தைக் கண்டு எனக்கே சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் வினாத்தாளை விரித்துச் சரிபார்த்தபோதுதான் முழு வரியையும் படித்தேன். சூரியக் குடும்பத்தில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் மிகக் கூடிய கிரகம் எது? அதுதான் கேள்வி. மூன்று முறை படித்தேன். தெரியாத விடை என்றால் மனசு ஆறியிருக்கும். என் வாயால் நானே விளக்கிச் சொன்ன விடை. வினாத்தாளைச் சுருட்டி அடுக்களைப் பக்கம் எறிந்தேன்.

பட்டியல் வந்தபோது ஒரே ஒரு மார்க் குறைந்து நான் வெளியே நின்றேன். அவள் பெயர் பட்டியலில் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் சுக்கிர திசை அடித்தால் வேலை கிடைக்கும், எனக்கு வேலை போனதே சுக்கிரனால்தான். இரண்டு நாள் மிஷினைத் தொடவில்லை. அவள்மேல் பொறாமையாக இருந்தது. அதைப் பூசி மெழுக ஒன்றுமில்லை, நல்ல முற்றிய பொறாமை.

நியமன உத்தரவு வந்த அன்று அவள் ஒரு பெரிய நெய்மீனோடு வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, புதன் கேள்வி வந்தது கண்டிய இல்லியா? நீங்க சொல்லித் தந்ததாக்கும் என்னைக் கரையேத்துனது. நோட்டை மட்டும் படிச்சிருந்தா நான் சுக்கிரன்னு எழுதியிருப்பேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு வேற எதுல போச்சு?" என்று கேட்டாள்.

"சரித்திரத்துல" என்றேன். சரித்திரத்தில் எனக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. அவள் நம்பி, உச்சுக் கொட்டி வருத்தப்பட்டாள். மீனை அன்றே குழம்பு வைத்தோம்.

இப்போது அவளுக்கு எங்கள் வில்லேஜ் ஆபீஸில் வேலை. போன மாதம் ஒரு வருமானச் சான்றிதழுக்காக அங்கே போனேன். வாசலில் என்னைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யார் என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார்.

"எனக்க டீச்சர்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

எனக்குப் போனது சரித்திரத்தில் இல்லை, அந்தப் புதன் கேள்வியில்தான் என்ற உண்மையைச் சொல்ல அது நல்ல இடம். நான் சொல்லவில்லை. உட்காரு மக்கா என்றாவது சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று இருந்தது.