கதவருகே ஒரு கால்வட்டம்

கதவைக் கழற்றித் திருப்பி மாட்ட மேலிட அனுமதி தேவையில்லை. ஓவர்சியர் சொன்னாலே போதும் என்பது விதி. பொதுப்பணி அலுவலகத்தில் இதைப் பலருக்கும் சொல்லியே ஓய்வு பெற்றவள் நான்.

மகன் கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தை இன்று அனுப்பியிருந்தான். எனக்கும் ஓர் அறை உண்டாம். அதன் கதவருகே கால்வட்டம் இருந்தது. கதவு திறக்கும் பக்கத்தைக் காட்டும் கோடு அது.

நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊரின் முதல் பள்ளிக்கு அப்பாதான் தச்சர். வரைபடத்தில் கால்வட்டம் வெளிப்பக்கம் இருந்தது. அவர் உள்ளே திறக்கும்படி மாட்டிவிட்டார்.

"இன்னாய்யா, கோட்டைப் பாக்கலியா?" என்றார் ஓவர்சியர்.

"பாத்தேங்க. வர்றவங்க மூஞ்சில இடிக்கிற மாதிரி எந்த வூட்லங்க கதவு வெப்பாங்க?"

"இது வூடா? தீப்பிடிச்சா புள்ளைங்க தள்ளிக்கினு வெளிய ஓடணும்யா."

அப்பா உடனே திருப்புளியை எடுத்தார்.

"கை வெக்காத. ஆபீசுக்கு எழுதிக் கேக்குறேன். பதில் வரட்டும்."

பள்ளி பூட்டியே கிடந்தது. என் வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செங்கம் பள்ளி விடுதிக்குப் போனார்கள். "நம்மூர்லயே தொறந்துடும், எம்பொண்ணு எங்கூடவே இருக்கும்" என்று அப்பா காத்திருந்தார். புது மர வாசனை வீசும் அந்தக் கதவின் முன்னால் நான் தனியாகப் பாண்டி ஆடினேன்.

ஆடி முதல் தேதி என்னையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார். கதவை மாற்றலாம் என்ற பதில் ஆடி இரண்டாம் தேதி வந்தது.